காற்று புகாத 100 கெஜம்: ஹூஸ்டன் கிடங்குச் சோதனைகள், ஒரு நிகழ்வு ஆய்வு

ரைஃபிளைப் பெஞ்சில் வைத்துச் சுடுகிற எல்லாருக்கும் பழக்கமான ஒரு சங்கடம் உண்டு. பவுடரின் அளவைக் கொஞ்சம் மாற்றுகிறோம், அல்லது ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையத்தை இறுக்குகிறோம். அடுத்த குரூப், அதாவது ஒரே குறியில் அடுத்தடுத்துச் சுட்ட ஓட்டைகளின் கூட்டம், சின்னதாக விழுகிறது, மனசு நிறைகிறது. அதற்கடுத்தது பழையபடி விரிந்துவிடுகிறது. செய்த மாற்றம் பலித்ததா இல்லையா? பெரும்பாலும் தெரியாமலே வீடு திரும்புகிறோம்.

ஏன் தெரியவில்லை என்பதற்கு நான் அறிந்த மிக நல்ல விளக்கம், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரத்துச் சரக்குக் கிடங்கு ஒன்றில் நடந்த சோதனைகள். 1970களின் பிற்பகுதியிலிருந்து 1980களின் தொடக்கம் வரை, வேலைநேரம் முடிந்து ஆட்கள் போன பிறகு, பெஞ்ச்ரெஸ்ட் (ரைஃபிளைப் பெஞ்சில் மணல் பைகளின் மேல் வைத்து, முடிந்தவரை சின்னக் குரூப் சுடும் விளையாட்டு) பித்துப் பிடித்த ஒரு சிறு குழு இரவுகளில் அந்தக் கிடங்குக்குள் ரைஃபிள் சுட்டது. இடத்தைப் பிடித்துக் கொடுத்தவர் டி.ஜே. ஜாக்சன். அங்கே கண்டதையெல்லாம் பின்னால் விரிவாகச் சொன்னவர் விர்ஜில் கிங். கிடங்கின் நீளம் 325 கெஜம். அதற்குள் 100 கெஜத் தூரத்தில், அதாவது 91 மீட்டரில், டார்கெட் தாளை வைத்தார்கள். கதவுகளை அடைத்துவிட்டால் உள்ளே காற்று அசையாது. வெயில் இல்லாததால் கானலும் கிடையாது.

எல்லாம் சரியாக அமைந்த ரைஃபிள் அங்கே காட்டிய அளவு 0.025 அங்குலம். ஐந்து தோட்டா சுட்டு, மிகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தால் 0.64 மில்லிமீட்டர்தான். 6 மி.மீ. ரைஃபிளின் குண்டு 0.243 அங்குல விட்டம் கொண்டது. ஐந்து குண்டும் சேர்ந்து 7 மில்லிமீட்டர்கூட அகலமில்லாத ஒரே ஓட்டை வழியாகப் போயிருக்கின்றன என்று அர்த்தம். ஒருமுறை அதிர்ஷ்டத்தில் விழுந்தது பெரிய செய்தி ஆகாது. நல்ல ரைஃபிள் அங்கே மறுபடி மறுபடி அதே அளவில் சுட்டது என்பதுதான் இந்தக் கிடங்கைப் பற்றி இன்றும் பேச வைக்கிறது.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது வேறொன்று. வெளியே போட்டிகளில் நல்ல பேர் வாங்கிய ரைஃபிள்கள் பல, உள்ளே வந்தபோது அந்த அளவை நெருங்கவில்லை. காற்று போய்விட்டால் எல்லா ரைஃபிளும் ஒரே ஓட்டையில் சுடும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். நடந்தது அதற்கு நேர்மாறு. காற்று இருந்தவரை நல்ல ரைஃபிளும் சுமாரான ரைஃபிளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரிந்தன. அது போனதும் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து நின்றன.

காற்று எவ்வளவை மறைக்கிறது

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெஞ்ச்ரெஸ்ட் ஆட்கள் அப்போது விரும்பிப் பிடித்தது பிபிசி (PPC) வகைத் தோட்டா. 1970களின் நடுவில் லூ பால்மிசானோ என்ற மருத்துவரும் ஃபெரிஸ் பிண்டெல் என்ற டூல் செய்யும் நிபுணரும் சேர்ந்து உருவாக்கியது. .220 ரஷ்யன் என்ற தோட்டாவின் பித்தளைக் கூட்டை மாற்றியமைத்துச் செய்தார்கள். அதுவரை போட்டிகளில் கோலோச்சிய .222 ரெமிங்டனை அது சில ஆண்டுகளிலேயே ஓரங்கட்டியது. 6 பிபிசியில் 68 கிரெயின் (சுமார் 4.4 கிராம்) குண்டு விநாடிக்குச் சுமார் 3,300 அடி வேகத்தில் கிளம்பும். 100 கெஜத்தைக் கடக்க அதற்கு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

அந்தக் கொஞ்ச நேரத்திலேயே, மணிக்கு 1 மைல் வேகத்தில் பக்கவாட்டில் வீசும் காற்று குண்டை ஏறக்குறைய 0.09 அங்குலம் தள்ளிவிடும். மணிக்கு 1 மைல் என்பது நம் முகத்தில் படுவதே தெரியாத காற்று. அது தள்ளும் தூரம், கிடங்கில் விழுந்த முழுக் குரூப்பைவிட மூன்று மடங்குக்கும் மேல். போட்டிகளில் சுடுகிறவர்கள் தங்களுக்கும் டார்கெட்டுக்கும் இடையே வரிசையாகக் கொடி நட்டு, அவை ஒரே மாதிரி நிற்கும் நேரம் பார்த்து விசையை இழுப்பது இதனால்தான்.

அடுத்து வருவது மிக முக்கியமான கணக்கு. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பிழைகள் நேரடியாகக் கூடுவதில்லை; வர்க்கங்களாகக் கூடும். ஒரு ரைஃபிளின் சொந்தச் சிதறல் 3 பங்கு, அன்றைய காற்றின் சிதறல் 8 பங்கு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 11 வராது; 8.5 வரும். இப்போது ரைஃபிளில் அருமையான ஒரு வேலை செய்து, அதன் சிதறலைப் பாதியாக, 1.5 ஆகக் குறைத்துவிட்டோம். மொத்தம் 8.1 ஆகும். ரைஃபிள் இரண்டு மடங்கு மேம்பட்டிருக்கிறது, தாளில் தெரிவது 5 சதவீத வித்தியாசம் மட்டும்.

அந்த 5 சதவீதத்தையாவது கண்ணால் பார்க்க முடியுமா? முடியாது. எந்த மாற்றமும் செய்யாமல் ஒரே ரைஃபிளில் ஐந்து தோட்டாக் குரூப்புகளைத் தொடர்ந்து சுட்டாலும், அவற்றின் அளவு சராசரியைச் சுற்றி வழக்கமாகவே 27 சதவீதம் போல மேலும் கீழும் ஆடும். சராசரி கால் அங்குலம் சுடும் ரைஃபிள் ஒரு தடவை 0.15-ம் இன்னொரு தடவை 0.36-ம் சுட்டால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்த ஆட்டத்துக்கு நடுவே 5 சதவீத முன்னேற்றத்தை உறுதியாகச் சொல்ல, பழைய நிலையிலும் புதிய நிலையிலும் தலைக்கு இருநூறுக்கும் மேற்பட்ட குரூப்புகள் சுட வேண்டும். குரூப்புக்கு ஐந்து தோட்டா என்றால் இரண்டாயிரத்துக்கும் அதிகம். போட்டித் தரமான 6 பிபிசி குழலின் நல்ல ஆயுளே ஆயிரம் தோட்டாவை ஒட்டித்தான். சோதனை முடிவதற்குள் குழல் தேய்ந்துபோகும்.

அதே மாற்றத்தைக் கிடங்குக்குள் செய்திருந்தால்? காற்று பூஜ்யம். 3 என்பது 1.5 ஆகும், குரூப் அப்படியே பாதியாகும். மூன்று நான்கு குரூப் போதும், சந்தேகமே வராது. ஹூஸ்டன் ஆட்களுக்குக் கிடைத்த பெரிய வசதி இதுதான் என்பது என் முடிவு. அவர்கள் வெளியே இருந்தவர்களைவிடக் கெட்டிக்காரர்களாக இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் வெளியே ஒரு ஆயுள் முழுக்கச் சுட்டாலும் விடை கிடைக்காத கேள்விக்கு அவர்களுக்கு ஒரே ராத்திரியில் விடை கிடைத்தது.

குழல்

விர்ஜில் கிங் அழுத்திச் சொன்ன முடிவுகளில் ஒன்று குழலின் நீளம். 21¾ அங்குலம்தான் நன்றாகச் சுடுகிறது என்றார். இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பலரும் அதே நீளத்துக்குக் குழலை வெட்டினார்கள். அந்த முக்கால் அங்குலத்தில் மந்திரம் எதுவும் இருப்பதாக நான் நம்பவில்லை. ஆனால் குட்டையான, தடித்த குழல் நல்லது என்பதற்கு உறுதியான இயற்பியல் இருக்கிறது. ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்ட தண்டின் விறைப்பு அதன் நீளத்தின் மூன்றாம் அடுக்கில் குறையும், தடிமனின் நான்காம் அடுக்கில் கூடும். 26 அங்குலக் குழலை 21¾ ஆகக் குறைத்தால் விறைப்பு 70 சதவீதம் ஏறும். 0.9 அங்குலத் தடிமனை 1.2 ஆக்கினால் மூன்று மடங்குக்கு மேல். குண்டு உள்ளே ஓடும்போது குழல் அதிரத்தான் செய்யும், ஆனால் விறைப்பான குழலின் வாய் குறைவாக அசையும்.

கிங் பயன்படுத்திய குழல்களில், சொல்லப்போனால் எல்லா பெஞ்ச்ரெஸ்ட் குழல்களிலும், இன்னொரு விஷயம் பொது. புரி, அதாவது குண்டைச் சுழல வைக்கக் குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டிய பள்ளம், மிக மெதுவாகச் சுற்றும், 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்கிற அளவில். குண்டு கவிழாமல் போக எவ்வளவு சுழற்சி வேண்டுமோ அதற்கு மேல் கொடுப்பதில்லை. காரணம் குண்டில் இருக்கிறது.

குண்டு

குண்டின் எடை மையம் அதன் நடு அச்சில் சரியாக இருப்பதில்லை. செம்பு உறையின் ஒரு பக்கம் மயிரிழை தடித்திருந்தால் போதும், மையம் நகர்ந்துவிடும். குழலுக்குள் இருக்கும்வரை குண்டு குழலின் அச்சைச் சுற்றியே சுழல வேண்டும். வேறு வழி கிடையாது. வாயைத் தாண்டிய கணமே அது தன் எடை மையத்தைச் சுற்றிச் சுழலத் தொடங்கும். அந்த மாற்றத்தில் கொஞ்சம் பக்கவாட்டு வேகம் ஒட்டிக்கொள்கிறது.

எவ்வளவு என்பதற்கு எளிய சூத்திரம் உண்டு. மையம் விலகிய தூரத்தை 2π-ஆல் பெருக்கி, புரி ஒரு சுற்றுக்கு எடுக்கும் நீளத்தால் வகுத்தால், குண்டு விலகிப் போகும் கோணம் வரும். மையம் ஓர் அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு விலகியிருக்கிறது, புரி 14 அங்குலம் என்று எடுத்துக்கொண்டால், 100 கெஜத்தில் குண்டு 0.16 அங்குலம் தள்ளிப் போகும். புரி 10 அங்குலமாக இருந்தால் 0.23. மெதுவான புரியை ஏன் தேடுகிறார்கள் என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிகிறது.

இந்தக் கணக்கு எனக்குப் பெரிய வியப்பைத் தந்தது. 0.025 அங்குலக் குரூப் விழ வேண்டுமானால் குண்டின் எடை மையம் அச்சிலிருந்து விலகுவது அங்குலத்தில் லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்க வேண்டும். பெஞ்ச்ரெஸ்ட் குண்டுகளைத் தனி ஆட்கள் கார்பைடு டையில் (மிகக் கடினமான அச்சில்) ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திச் செய்கிறார்கள். அதில் வரும் பிடிவாதமான சுத்தத்தைப் பார்த்து வெளி ஆட்கள் தலையை ஆட்டலாம். எண்களைப் போட்டுப் பார்த்தால் அந்தப் பிடிவாதம் தேவையான அளவுதான் இருக்கிறது. கடையில் வாங்கும் சாதாரணக் குண்டைப் போட்டுவிட்டு, டிரிகரை மாற்றியும் ஸ்டாக்கை (ரைஃபிளின் கட்டையை) மாற்றியும் செலவு செய்கிறவர்கள் தவறான இடத்தில் பணம் போடுகிறார்கள்.

கூட்டின் கழுத்தும் இதோடு சேர்ந்தது. 6 பிபிசியில் அறையின் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தின்) கழுத்தை 0.262 அங்குலம் என்ற இறுக்கமான அளவில் வெட்டுவார்கள். பித்தளைக் கழுத்தை வெளியே சீவி, சுற்றிலும் ஒரே தடிமனாக்கி, அறைக்குள் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு இடைவெளிதான் மிஞ்சும்படி செய்வார்கள். குண்டு புரியில் சாய்ந்து நுழையாமல் நேராக நுழைவதற்கு இந்த வேலை உதவுகிறது.

பவுடரும் வேகமும்

கிங் சொன்னவற்றில் நிறையப் பேரைச் சங்கடப்படுத்தியது இது: பவுடரைத் தராசில் கிரெயின் கிரெயினாக நிறுப்பதால் 100 கெஜத்தில் பெரிய லாபமில்லை. பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில் பவுடரைக் கொள்ளளவு அளவியால் போடுவதுதான் வெகுகால வழக்கம். 28 முதல் 30 கிரெயின் பிடிக்கும் தோட்டாவில் அப்படிப் போடும்போது பத்தில் ஒன்றிரண்டு கிரெயின் கூடும், குறையும்.

இது எப்படிச் சரியாகும்? விநாடிக்கு 3,300 அடியில் போகும் குண்டு 100 கெஜம் போவதற்குள் ஏறக்குறைய 1.7 அங்குலம் விழும். வேகம் 20 அடி கூடினால் அந்த வீழ்ச்சி 0.02 அங்குலம் குறையும். சாதாரணமாகச் சுடுகிறவருக்கு 0.02 என்பது ஒன்றுமில்லை. முழுக் குரூப்பே 0.025 என்றால் அது கிட்டத்தட்ட எல்லாமும்தான். ஆக, வேக வித்தியாசம் மிகக் குறைவாக இருந்திருக்க வேண்டும், அல்லது வேறு ஏதோ ஒன்று அதை ஈடுகட்டியிருக்க வேண்டும்.

அந்த வேறு ஒன்று, அதிரும் குழல். விசை விழுந்ததிலிருந்து குழலின் வாய் மேலும் கீழும் மிக நுணுக்கமாக ஆடுகிறது. வாய் மேலே ஏறிக்கொண்டிருக்கும் தருணத்தில் குண்டுகள் வெளியேறினால், வேகமான குண்டு முன்னதாகவே, அதாவது வாய் சற்றுத் தாழ்ந்திருக்கும்போதே, கிளம்பிவிடும். மெதுவான குண்டு கொஞ்சம் பிந்தி, வாய் உயர்ந்த பிறகு கிளம்பும். குறைவாக விழ வேண்டியது தாழ்வாகவும் அதிகமாக விழ வேண்டியது உயரமாகவும் புறப்படுவதால், தாளில் இரண்டும் ஒரே இடத்தில் சேர்கின்றன. நம் ஊர்க் காவல் துறையில் வெகுகாலம் இருந்த .303 லீ-என்ஃபீல்டு ரைஃபிள், அருகில் காட்டும் சிதறலை வைத்து எதிர்பார்ப்பதைவிட 1,000 கெஜத்தில் நன்றாகச் சுட்டதற்கு இதே காரணத்தைத்தான் சொல்வார்கள்.

பவுடர் அளவைப் படிப்படியாக ஏற்றிச் சுட்டுப் பார்க்கும்போது, ஓர் இடத்தில் குரூப்பின் உயரம் தானாகச் சுருங்கி, கொஞ்சம் கூட்டினாலும் குறைத்தாலும் மாறாமல் நிற்கும். அந்த இடத்தில் நின்றுவிட்டால் பத்தில் ஒரு கிரெயின் வித்தியாசம் உங்களைத் தொடாது. அந்த இடத்துக்கு வெளியே இருந்தால் நகைக்கடைத் தராசில் நிறுத்தாலும் முழுசாகக் கைகொடுக்காது. கிங்கின் வார்த்தையை, பவுடரில் அலட்சியமாக இருக்கலாம் என்று நான் படிக்கவில்லை. சரியான இடத்தைக் கண்டுபிடித்த பிறகு மீதி அக்கறையை வேறு இடத்தில் செலவழிக்கலாம் என்றுதான் படிக்கிறேன்.

கையும் மணல் பையும்

ரைஃபிள் 10.5 பவுண்டு, குண்டு 68 கிரெயின். குண்டு குழலின் வாயைத் தாண்டும் முன்பே ரைஃபிள் பின்னால் உதைக்கத் தொடங்கியிருக்கும். உந்தக் கணக்குப்படி அந்த நகர்வு சுமார் 0.02 அங்குலம், அரை மில்லிமீட்டர். குண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது, ரைஃபிள் பைகளின் மேல் வழுக்க ஆரம்பித்துவிட்டது. இந்த அரை மில்லிமீட்டரில் முன் தாங்கி எங்காவது பிடித்து இழுத்தாலோ, பின் பை ஒரு தடவை அமுங்கி இன்னொரு தடவை அமுங்காமல் இருந்தாலோ, கோணம் மாறும். தாங்கிக்கும் பின் பைக்கும் இடையே 25 அங்குலம் என்றால், கட்டையின் பின்முனை ஆயிரத்தில் ஒரு அங்குலம் எழும்பினால்கூட 100 கெஜத்தில் 0.14 அங்குலம் வித்தியாசம்.

பெஞ்ச்ரெஸ்ட் ஸ்டாக்கின் முன்பகுதி 3 அங்குல அகலத்தில் தட்டையாக இருப்பதற்கும், அடிப்பக்கம் வழவழப்பாக இருப்பதற்கும், பின் பையில் மணலைக் கல் மாதிரி இறுக்கி நிரப்புவதற்கும் இதுவே காரணம். சரிபார்ப்பது சுலபம். ரைஃபிளைப் பைகளின் மேல் கையால் முன்னும் பின்னும் தள்ளி ஸ்கோப்பில் பாருங்கள். குறுக்குக்கோடு நேர் மேலும் கீழுமாகப் போய்த் திரும்ப அதே புள்ளிக்கு வர வேண்டும். பக்கவாட்டில் விலகினால், தாங்கிகள் இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. தோட்டா செலவில்லாமல் கிடைக்கும் தகவல் இது. ஆனாலும் பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

சாய்வையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ரைஃபிள் ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் 1 டிகிரி சாய்ந்தால், 100 கெஜத்தில் பக்கவாட்டில் 0.03 அங்குலம் போகும். எப்போதும் ஒரே மாதிரி சாய்ந்திருந்தால் தொல்லையில்லை, குரூப் மொத்தமாக இடம் மாறும், அவ்வளவுதான். மாறி மாறிச் சாய்ந்தால் கிடங்கில் விழுந்த குரூப்பைவிட அந்தப் பிழையே பெரிது. தட்டையான முன்பகுதி இதையும் தடுத்துவிடுகிறது.

ஸ்கோப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 36 மடங்கு பெருக்கும் ஸ்கோப்பின் உள்ளே இருக்கும் சின்னக் குழாய், ஒவ்வொரு உதைக்கும் பிறகு அதே இடத்தில் வந்து உட்காராவிட்டால், குறி சரியாக இருந்தும் குண்டு விலகும். இரண்டு மூன்று தோட்டா ஒரே ஓட்டையில் போய், திடீரென்று ஒன்று தள்ளி, அடுத்ததும் அந்தப் புது இடத்திலேயே விழுந்தால், முதல் சந்தேகம் ஸ்கோப்பின் மேல் இருக்கட்டும். வேறொரு ஸ்கோப்பை மாட்டிப் பார்ப்பதுதான் வழி.

இந்தச் சாட்சியத்தை எவ்வளவு நம்பலாம்

ஹூஸ்டன் கிடங்கின் கதை பெரும்பாலும் பத்திரிகைக் கட்டுரை ஒன்றின் வழியாக, கிங் சொன்னதாகத்தான் நமக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எத்தனை குரூப், ஒவ்வொன்றும் எவ்வளவு என்ற அட்டவணை அதில் கிடையாது. அங்கே சுட்டவை அதிகாரப்பூர்வப் பதிவுகளிலும் சேராது. பெஞ்ச்ரெஸ்ட் போட்டியில் டார்கெட்டுக்குப் பின்னால் இன்னொரு தாள் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரே ஓட்டையில் ஐந்தும் போனாலும் பின் தாளில் ஐந்து தனித்தனி ஓட்டை விழும், எத்தனை சுட்டார் என்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். அந்த ஏற்பாட்டோடு திறந்த வெளியில் பதிவான சாதனைகளைப் பார்த்தால், 1973-ல் மேக் மெக்மில்லன் 100 கெஜத்தில் ஐந்து தோட்டாவுக்கு 0.009 அங்குலம் சுட்டார். நாற்பது ஆண்டுகள் கழித்து 2013-ல் மைக் ஸ்டின்னெட் 0.0077 சுட்டு அதை முறியடித்தார்.

கிடங்கின் 0.025-ஐவிட இரண்டுமே சின்னவை, அதுவும் காற்றில். இதனால் கிடங்கின் பெருமை குறையவில்லை. பல்லாயிரம் குரூப்புகளில் ஒன்று அப்படி விழுவதும், வழக்கமாகவே ஒரு ரைஃபிள் அந்த அளவில் சுடுவதும் வேறு வேறு. போட்டிகளிலும் ஐந்து குரூப்புகளின் சராசரியை வைத்துத்தான் ஜெயித்தவரை முடிவு செய்கிறார்கள், ஒரே ஒரு சின்னக் குரூப்பை வைத்து அல்ல. மிகச் சிறந்த தாளைச் சட்டம் போட்டு மாட்டுவது நியாயமான சந்தோஷம். அந்தத் தாளை வைத்து ரைஃபிளின் தரத்தை முடிவு செய்வது கணக்குக்குப் பொருந்தாது.

21¾ அங்குலம் போன்ற எண்களை இதே காரணத்தால் நான் சற்றுத் தள்ளி வைக்கிறேன். சில குழல்களில் கண்டதை எல்லாக் குழலுக்கும் விதியாக்க அந்த ஆதாரம் போதாது. ஆனால் காற்றை அடியோடு நீக்கி, மற்றதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் என்று அவர்கள் எடுத்த முடிவு எந்த விமர்சனத்துக்கும் அசையாதது. பெரிய தோட்டா நிறுவனங்களும் அதைத்தான் செய்கின்றன. எலே நிறுவனம் இங்கிலாந்தின் பர்மிங்காமிலும், லப்புவா ஜெர்மனியின் ஷோனெபெக்கிலும், .22 ரைஃபிள்களுக்காக மூடிய சோதனை ரேஞ்சுகளை வைத்திருக்கின்றன. ஒலிம்பிக் அளவில் சுடுகிறவர்கள் தங்கள் ரைஃபிளை அங்கே கொண்டுபோய்க் கிளாம்பில் பூட்டி, வெவ்வேறு தயாரிப்புத் தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, தங்கள் குழலுக்கு ஒத்துப்போகும் தொகுதியை மொத்தமாக வாங்குகிறார்கள். 50 மீட்டர் ரைஃபிள் டார்கெட்டில் 10 வளையம் 10.4 மி.மீ. விட்டம்தான். தொகுதி சரியில்லை என்றால் சுடுகிறவர் எந்தத் தப்பும் செய்யாமலே மதிப்பெண் போகும்.

கிடங்கு இல்லாதவர்களுக்கு

325 கெஜக் கிடங்கு நமக்குக் கிடைக்காது. ஏர் ரைஃபிள் சுடுகிறவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை, 10 மீட்டர் உள்ளரங்கம் தானே ஒரு சின்ன ஹூஸ்டன். பெல்லட் சோதனையை அங்கே பையில் வைத்துச் செய்தால் காற்று குறுக்கே வராது. கிளப்பில் திறந்த ரேஞ்சில் .22 சுடுகிறவர்கள் விடிந்தவுடன், வெயில் தரையைச் சூடாக்கும் முன் சுடுவது பாதிக் கிடங்குக்குச் சமம்.

வரிசையும் முக்கியம். பிழையின் அளவைப் பார்த்து, பெரியதிலிருந்து இறங்கி வாருங்கள். முதலில் பெஞ்சும் பைகளும், ஏனென்றால் செலவில்லாதது, பிழையும் பெரியது. அப்புறம் ஸ்கோப்பின் பேரலாக்ஸும் (கண்ணை நகர்த்தினால் குறுக்குக்கோடு இடம் மாறுவதுபோல் தெரிவது) வளையங்களும், ஸ்டாக்கில் ரைஃபிளைப் பிடித்திருக்கும் திருகுகளும். பிறகு தோட்டாத் தொகுதி, அல்லது சொந்தமாகத் தயாரிக்க உரிமமும் அனுமதியும் உள்ள நாடுகளில் குண்டு. பவுடரின் பத்தில் ஒரு கிரெயினைப் பற்றிய கவலை இதற்கெல்லாம் பின்னால்தான் வர வேண்டும்.

இரண்டு தொகுதிகளை ஒப்பிடும்போது, முதலில் ஒன்றை முழுக்கச் சுட்டுவிட்டு அப்புறம் மற்றதை எடுக்காதீர்கள். காலையில் காற்று ஒரு மாதிரி, ஒரு மணி நேரம் கழித்து வேறு மாதிரி; அந்த வித்தியாசம் முழுவதும் தோட்டாவின் தலையில் விழுந்துவிடும். முதல் தொகுதியில் ஒரு குரூப், இரண்டாவதில் ஒரு குரூப் என்று மாற்றி மாற்றிச் சுடுங்கள். காற்று இருவருக்கும் ஒரே மாதிரி தொல்லை கொடுக்கும், ஒப்பீடு கெடாது. தொகுதி மாறும்போது முதல் ஓரிரு தோட்டாவைக் குழல் பழகுவதற்காகத் தனியாகச் சுட்டுவிடுங்கள். அதைச் சுடும் முன்பே கணக்கில் சேராது என்று முடிவு செய்துவிட வேண்டும். சுட்ட பிறகு, தள்ளி விழுந்த குண்டைப் பார்த்து, இது என் கையால் வந்தது என்று சொல்லி நீக்கக் கூடாது. அப்படி நீக்க ஆரம்பித்தால் எந்தத் தொகுதி நமக்குப் பிடித்ததோ அதுவே ஜெயிக்கும்.

அளப்பதிலும் கொஞ்சம் கூடுதல் உழைப்பு நிறையப் பலன் தரும். மிகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளை மட்டும் அளந்தால் மற்ற மூன்று தோட்டாக்கள் சொன்னதை வீணாக்குகிறோம். ஐந்து ஓட்டைகளின் சராசரி மையத்தைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றும் அதிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து சராசரி எடுத்தால் எல்லாத் தோட்டாவும் கணக்கில் வருகிறது. பல குரூப்புகளை ஒரே மையத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, இருபது முப்பது ஓட்டைகள் கொண்ட ஒரே படமாக வரைந்து பார்க்கலாம். சிதறல் உயரவாக்கில் நீண்டிருந்தால் வேகத்தையும் பின் பையையும் தேடுங்கள். அகலவாக்கில் நீண்டிருந்தால் காற்றையும் சாய்வையும். வட்டமாக இருந்தால் அனேகமாகக் குண்டு, அல்லது குழல்.